டிவி, நோக்கியா, லேப்டாப்: நம்ம வீட்டுக்குள் வீடியோ கேம் வந்த கதை

ஊரப்பாக்கத்தில் இருந்து பேசுகிறேன். ஆடியோவில் கேட்டவர்களுக்கு நடுநடுவே ஜி.எஸ்.டி ரோடு ஹாரனும் சேர்ந்து கேட்டிருக்கும். படிக்கிற உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னைக்கு எடுத்திருக்கிற கேள்வி ரொம்பப் பழசு. வீடியோ கேம் விளையாடுவதால் குழந்தைகளுக்கோ பெரியவர்களுக்கோ ஏதாவது நன்மை இருக்கா? தேடிப் பார்த்தால் இரண்டு பட்டியல் கிடைக்கும். மூளை கூர்மையாகும், கவனம் கூடும்னு ஒன்று. கண் கெடும், படிப்பு கெடும்னு இன்னொன்று. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, வரலாற்று வழியாகப் போய்ப் பார்ப்போம். அதுவும் அமெரிக்கா, ஜப்பானோடு நிற்காமல் நம்ம தமிழ்நாட்டு வழியாக.

போகும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வச்சுக்கோங்க: இந்த கேம் நம்மகிட்ட எப்போ காசு வாங்குது?

இரண்டு செப்டம்பர் 15

செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள். தமிழ்நாட்டில் வீடியோ கேமின் வரலாற்றை எழுதினால், இந்தத் தேதி அதில் இரண்டு தடவை வரும்.

2006 செப்டம்பர் 15-ல் கலைஞர் அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. 14 இன்ச் டிவி. 2011-ல் ஆட்சி மாறுவதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேலான குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சரியாக ஐந்து வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் போனது.

ஒன்று செய்தியும் பொழுதுபோக்கும் வீட்டுக்கு வரணும்னு கொடுத்தது. இன்னொன்று படிப்புக்காகக் கொடுத்தது. கேம் என்ற வார்த்தையே இரண்டிலும் கிடையாது. ஆனால் கன்சோலோ கம்ப்யூட்டரோ காசு கொடுத்து வாங்க வழியில்லாத எத்தனையோ வீடுகளில், முதல் கேம் மெஷின் இந்த இரண்டில் ஒன்றுதான்.

அந்த டிவியில் சொருகிய கேம் எங்கிருந்து வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

காசு போட்டால் ஓடும் பெட்டி

1958 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் பார்வையாளர் தினம். வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாதனங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு போகிறார்கள் என்று வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளருக்கு வருத்தம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர் அவர். ஒரு ஆஸிலோஸ்கோப் திரையில் டென்னிஸ் பந்து மாதிரி ஒரு ஒளிப்புள்ளியைத் துள்ள விட்டார். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஜனங்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். இதற்குக் காசு கிடையாது.

காசு வந்தது எழுபதுகளில். 1972-ல் பாங், 1978-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் பேக்-மேன். கடையிலும் பாரிலும் நிற்கிற பெட்டி, ஒரு காசு போட்டால் ஒரு ஆட்டம். இப்போ நம்ம கேள்வியை இங்கே போட்டுப் பாருங்க. ஒருத்தர் ஒரே காசில் அரை மணி நேரம் ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் ஆடுகிறவரைச் சில நிமிஷத்தில் தோற்கடிக்கணும், ஆனால் 'இன்னொரு தடவை ஆடினா ஜெயிச்சிடலாம்' என்ற நினைப்போடு தோற்கடிக்கணும். அந்தக் காலத்து கேம்கள் ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தன என்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

நம்ம நாட்டில் வீடியோ கேம் பார்லர்னா பிள்ளைகள் போகக்கூடாத இடம் என்ற பெயர்தான் இருந்தது. கர்நாடகத்தில் பார்லர் நடத்தியவர்கள், போலீஸ் லைசென்ஸ் வாங்கணும் என்ற உத்தரவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1995-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. சில மெஷின்களில் ஜெயிப்பதும் தோற்பதும் ஆடுகிறவர் திறமையில் இல்லை, அதனால் அரசு கட்டுப்படுத்தலாம் என்று கோர்ட் பார்த்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற இந்தச் சண்டையை ஞாபகம் வச்சுக்கோங்க. முப்பது வருஷம் கழித்து அது திரும்ப வரும்.

ஒரு தடவை காசு, இரண்டு கன்ட்ரோலர்

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி ஃபேமிகாம் என்ற கன்சோலை வெளியிட்டது. டிவியில் சொருகி வீட்டிலேயே ஆடலாம். அதைக் காப்பியடித்து தைவானிலும் சீனாவிலும் செய்த மலிவான பெட்டிகள் உலகம் முழுக்கப் பரவின. நம்ம ஊரில் சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் வந்தது இந்தக் குடும்பம்தான். பிறகு பெயரே இல்லாத பெட்டிகள் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் திருவிழாக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்கு வர ஆரம்பித்தன. கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சில டஜன் கேம்தான். அதையே திரும்பத் திரும்ப வேற நம்பரில் வைத்திருப்பார்கள்.

எனக்கு எட்டு, ஒன்பது வயசு இருக்கும்போது எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் இந்தப் பெட்டி இருந்தது. ஆறு பசங்க, இரண்டு கன்ட்ரோலர். லைஃப் போனால் கை மாத்தணும். 'டேங்க் கேம்'னு நாங்கள் சொன்னது நாம்கோ கம்பெனியின் பேட்டில் சிட்டி, 1985-ல் வந்தது. கீழே ஒரு கழுகுச் சின்னம் இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து அதைக் காப்பாத்தணும். கூட்டாளியைத் தெரியாமல் சுட்டால் அவன் கொஞ்ச நேரம் உறைந்துபோவான், அந்த இடைவெளியில் எதிரி உள்ளே வந்துவிடுவான். கான்ட்ராவில் அருவி ஸ்டேஜ் வரும். ஒருத்தன் அவசரப்பட்டு மேலே தாவினால் திரை அவனோடு மேலே நகரும், கீழே நிற்கிறவன் செத்துப்போவான். 'டேய் இருடா, நானும் வரேன்' என்று கத்துகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இதில் என்ன நன்மை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. இப்போ திரும்பிப் பார்த்தால் தெரிவது இதுதான். முறை வரும்வரை காத்திருப்பது, பக்கத்தில் இருப்பவனோடு திட்டம் போடுவது, தோற்றதும் சண்டை போட்டு, பிறகு அதே ஆளோடு திரும்ப உட்காருவது. கேம் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு டிவியும் இரண்டு கன்ட்ரோலரும் ஆறு பேரும் இருந்ததால் நடந்தது.

காசு? ஒரு தடவை கேசட் வாங்கியதோடு முடிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பத்து நிமிஷம் ஆடினாலும் பத்து மணி நேரம் ஆடினாலும் அதைச் செய்த கம்பெனிக்கு ஒரு பைசா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எங்களைப் பிடித்து வைக்கணும் என்ற அவசியம் அந்த கேமுக்குக் கிடையாது. போதாக்குறைக்கு அது தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். ஆட்டத்தை சேவ் பண்ணும் வசதி கிடையாது. கரண்ட் போனால் எட்டாவது ஸ்டேஜும் போச்சு, எல்லாரும் எழுந்து வெளியே கிரிக்கெட்டுக்குப் போவோம். ஸ்க்ரீன் டைம் கன்ட்ரோலை மின்வாரியமே பார்த்துக்கொண்டது.

ஸ்ரீபெரும்புதூரில் செய்த போன்

இங்கிருந்து வண்டலூர், ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர். 2006 ஜனவரியில் அங்கே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் சம்பளம். 2014 நவம்பர் 1-ல் அது மூடப்பட்டது. அந்தக் கதைக்குத் தனி எபிசோடே போடணும்.

நமக்கு இப்போ வேண்டியது அந்த போனுக்குள் இருந்த பாம்பு. 1997-ல் நோக்கியா 6110 என்ற போனுக்காக டானெலி அர்மாண்டோ என்ற பின்லாந்து இன்ஜினியர் எழுதியதுதான் ஸ்னேக். அதற்கும் முன்னோடி 1976-ல் வந்த பிளாக்கேட் என்ற காசு கேம். நோக்கியாவின் சாதா போன்களில் பாம்பு கூடவே வந்தது. நெட் வேண்டாம், பேலன்ஸ் வேண்டாம்.

இந்தப் பாம்புதான் பெரியவர்களை கேமுக்குள் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு. டிவி கேம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அப்பாக்கள், ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயினில் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தவர்கள் எல்லாரும் ஆடினார்கள். யாரும் தங்களை 'கேமர்' என்று சொல்லிக்கொண்டது இல்லை. பத்து நிமிஷக் காத்திருப்பைக் கடத்த அது உதவியது. பாம்பு வளர வளர இடம் குறையும், கடைசியில் தன் வாலையே கடித்துச் சாகும். ஆட்டம் முடிந்துபோகும். முடிவு அந்த கேமுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

லேப்டாப்பில் படித்த பாடம்

அடுத்தது லேப்டாப். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் எனக்கும் ஒன்று வந்தது. ஜெயலலிதா படம் போட்ட லேப்டாப், கூடவே ஒரு பை. வீட்டில் எல்லாரும் கை கழுவிவிட்டுத்தான் தொட்டார்கள். ஒரே வாரத்தில் பென் டிரைவ் வழியாக ஜி.டி.ஏ வைஸ் சிட்டி, ஐ.ஜி.ஐ, என்.எஃப்.எஸ் எல்லாம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது.

ஒரு கேமை ஓட வைப்பதற்குள் எத்தனை படி தெரியுமா? சுருக்கி வைத்த ஃபைலைப் பிரிக்கணும். டிரைவில் எவ்வளவு இடம் இருக்குன்னு பார்க்கணும். எந்த ஃபோல்டரில் எதைப் போடணும்னு தெரியணும். கடைசியில் டபுள் கிளிக் பண்ணினால், ஒரு டி.எல்.எல் ஃபைல் காணோம் என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வரும். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்து, பிரௌசிங் சென்டரில் போய்த் தேடி, அந்த ஃபைலைக் கொண்டுவந்து சரியான இடத்தில் போட்டால் கேம் திறக்கும். இன்னைக்கு நான் ஆபீசில் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படி, காரணத்தைத் தேடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்து. டிபக்கிங் என்ற வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே கை அதைப் பழகிவிட்டது. கேம் என்ற ஆசை இல்லாமல் இருந்தால், பதினேழு வயசில் யாரும் அந்த ஃபோல்டருக்குள் போயிருக்க மாட்டோம்.

இதைப் பெரிதாக்கிச் சொல்லவும் மாட்டேன். என்கூட அதே கேமை ஆடினவர்களில் இன்ஜினியர் ஆனவர்களும் உண்டு, ஆகாதவர்களும் உண்டு. கேம் ஒரு கதவைக் காட்டியது, அவ்வளவுதான். உள்ளே போக வகுப்பும் புத்தகமும் வாத்தியாரும் வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடங்கள் என்ன சொல்கின்றன

இது என் அனுபவம். அனுபவத்தை வைத்து எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. என் அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். அக்கா என்கிட்ட கேட்டது நேரடியான கேள்வி: "உன் கதையெல்லாம் சரிடா, ஆராய்ச்சி பண்ணினவங்க என்ன சொல்றாங்க?" அவளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாஃப்னே பாவெலியே என்ற பேராசிரியர். அவரிடம் படித்த ஷான் கிரீன் கண்ணின் கவனத்தை அளக்க ஒரு சோதனை நிரல் எழுதிக்கொண்டிருந்தார். தானே செய்து பார்த்தால் மதிப்பெண் எக்கச்சக்கமாக வந்தது. நிரலில் பிழையோ என்று சந்தேகம். நண்பர்களை உட்கார வைத்தார், அவர்களுக்கும் அதே கதை. எல்லாரும் ஆக்‌ஷன் கேம் ஆடுகிறவர்கள். பிறகு கேம் பழக்கமே இல்லாதவர்களைப் பிடித்து, ஒரு குழுவுக்கு மெடல் ஆஃப் ஹானர், இன்னொரு குழுவுக்கு டெட்ரிஸ். தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். ஆக்‌ஷன் கேம் ஆடிய குழுவின் காட்சிக் கவனம் கூடுதலாக முன்னேறியது. 2003-ல் நேச்சர் இதழில் வெளியானது.

2011-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டென்னிஸ் லெவி குழு 'சோம்பேறிக் கண்' பிரச்சினை உள்ள 20 பேரை எடுத்தது. நன்றாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டு, மறு கண்ணால் கேம் ஆட வைத்தார்கள். தினம் இரண்டு மணி நேரம் என்று மொத்தம் 40 மணி நேரம். பார்வை முன்னேறியது. சிறு வயது தாண்டினால் இதைச் சரிசெய்வது கடினம் என்று கருதப்பட்டு வந்த பிரச்சினை இது.

2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆடம் கஸாலி குழு, 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்காகவே நியூரோரேசர் என்ற கார் ஓட்டும் கேமைச் செய்தது. ஒரு மாதத்தில் 12 மணி நேரம் ஆடினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும் திறன், பயிற்சி இல்லாத இருபது வயதுக்காரர்களைத் தாண்டிப் போனது. ஆறு மாதம் கழித்தும் பலன் நின்றது.

மனநலம் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு இருக்கு. கொரோனா காலத்தில் ஜப்பானில் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 கன்சோல்களுக்குத் தட்டுப்பாடு. கடைகள் குலுக்கல் போட்டுக் கொடுத்தன. இது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஏன்னா குலுக்கலில் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒரே மாதிரி ஆட்கள், வித்தியாசம் அந்தப் பெட்டி மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்த்ததில், கன்சோல் கிடைத்தவர்களின் மனநலம் சற்று மேலாக இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் கூடுதல் பலன் குறைந்துகொண்டே வந்தது. 2024-ல் வெளியான ஆய்வு இது.

இதற்கெல்லாம் மறுபக்கமும் உண்டு. லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி கேம் கம்பெனி, ஞாபக மறதியைத் தடுக்கும் என்ற அளவுக்கு விளம்பரம் செய்தது. ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசு அமைப்பு வழக்குப் போட, 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். 'எல்லா கேமும் மூளைக்கு நல்லது' என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. எந்த கேம், எந்தத் திறன், எத்தனை மணி நேரம் என்று குறிப்பாகக் கேட்டால்தான் பதில் வரும்.

மேலே சொன்ன அளவுகளைத் திரும்பப் பாருங்க. 10 மணி நேரம். 40 மணி நேரம். 12 மணி நேரம். நன்மையை நிரூபித்த சோதனைகள் எல்லாம் மருந்துச் சீட்டு மாதிரி. அளவு உண்டு, முடிவு தேதி உண்டு.

டிவியில் இருந்து பலகை, பலகையில் இருந்து திரை

இந்த இடத்தில் நம்ம ஊர்க் கதை ஒன்று சொல்லியே ஆகணும். சென்னை பாடியில் ஒரு குடும்பம். பெண் குழந்தை கார்ட்டூன் அதிகமாகப் பார்க்கிறாள் என்று, டிவியில் இருந்து திசைதிருப்ப செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் கற்றுக்கொண்டான். அந்தப் பெண் வைஷாலி. தம்பி பிரக்ஞானந்தா.

2022 பிப்ரவரியில், 16 வயதுப் பிரக்ஞானந்தா பின்னிரவு நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் போட்டியில் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை 39 நகர்த்தலில் தோற்கடித்தார். ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 நொடி. அதே வருஷம் ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இரண்டு பேரும் அதில் வெண்கலம் வென்ற அணிகளில் இருந்தார்கள். 2023-ல் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் ஆக, உலகத்திலேயே முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள்.

ஒரு திரையில் இருந்து விலக்கத்தான் செஸ்ஸுக்குப் போனார்கள். வளர்ந்த பிறகு இன்னொரு திரையில்தான் உலக சாம்பியனைச் சந்தித்தார் தம்பி. திரை மேல பழி போடுவதும் திரையைப் புகழ்வதும் எங்கேயும் கொண்டுபோய் விடாதுன்னு சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. செஸ் ஆட்டம் முடியும். கடிகாரம் ஓடும், யாராவது தோற்பார்கள், பிறகு வாத்தியாரோடு உட்கார்ந்து எங்கே தப்பு என்று பார்ப்பார்கள்.

முடியாத ஆட்டம்

சரி, எப்போ ஆட்டம் முடிவதை நிறுத்தியது?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. 2018-ல் பப்ஜி மொபைல். கேம் இலவசம், ஆட்டமும் நன்றாக இருந்தது. கொரோனா பொதுமுடக்கத்தில் பிரிந்து கிடந்த நண்பர்கள் நான்கு பேர் பேசிக்கொண்டே ஆடியதில் பலருக்கு உண்மையான ஆறுதல் கிடைத்தது. 2020 செப்டம்பர் 2-ல் இந்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. அடுத்த வருஷம் அது பி.ஜி.எம்.ஐ என்ற பெயரில் திரும்ப வந்தது.

இப்போ அதே கேள்வியைக் கேளுங்க. இலவச கேம் எப்போ காசு வாங்குது? நீங்கள் திரும்பத் திரும்ப வரும்போது. விளம்பரம் பார்க்கும்போது, உடை வாங்கும்போது, சீசன் பாஸ் வாங்கும்போது. என் வேலை கேம் துறையில் இல்லை, ஆனால் ஆப் செய்கிற எல்லாருக்கும் அந்த டாஷ்போர்டு தெரியும். முதல் நாள் வந்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் வந்தார்கள், ஏழாம் நாள் வந்தார்கள், முப்பதாம் நாள் வந்தார்கள். ரிடென்ஷன் என்பார்கள். தினம் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் தொடர்ச்சி போச்சு என்ற பயம், ஐந்து லைஃப் தீர்ந்தால் அரை மணி நேரத்துக்கு ஒன்றாகத் திரும்ப வரும் என்ற காத்திருப்பு. எல்லாம் அந்த ஒரு எண்ணுக்காக. காசு பெட்டி உங்களைச் சீக்கிரம் தோற்கடிக்கப் பார்த்தது. இது உங்களை எழுந்து போகவிடாமல் பார்க்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் 'கேமிங் டிஸார்டர்' இருக்கிறது. நிறைய ஆடினாலே நோய் என்று அது சொல்லவில்லை. கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும் விட கேம் முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் விட முடியாமல் போவது, இது பொதுவாக ஒரு வருஷம் தொடர்வது. இதுதான் அளவுகோல். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது.

இதற்கும் அடுத்த படி பணம் கட்டும் ஆட்டம். ஆன்லைன் ரம்மியில் சேமிப்பையும் கடன் வாங்கிய பணத்தையும் இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தமிழ்நாட்டில் தொடர்ந்து வந்தன. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு, பிறகு அவசரச் சட்டம், மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டம் ஆனது. அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லித் தடையில் இருந்து அவற்றை நீக்கியது. 1995-ன் பழைய சண்டை திரும்ப வந்ததைப் பார்த்தீங்களா? பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு அனுமதி இல்லை என்று தமிழ்நாடு விதி போட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்து ஒரு சட்டம் கொண்டுவந்தது.

அந்த நள்ளிரவு விதியைப் படித்தபோது எனக்குப் பரமபதம் ஞாபகம் வந்தது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம்ம பாட்டிகள் பரமபதம் ஆடுவார்கள். விடிய விடிய ஆடினார்கள், உண்மைதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு ராத்திரி. விடிந்ததும் துணியைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். அந்த ஆட்டத்துக்கு எல்லை போட அரசு விதி தேவைப்படவில்லை.

வீட்டில் கேட்க வேண்டிய மூன்று கேள்வி

நன்மை இருக்கா என்று கேட்டோம். இருக்கு. பேட்டில் சிட்டி ஆடிய ஆறு பசங்களுக்கு இருந்தது, பஸ்ஸுக்கு நின்றவருக்கு இருந்தது, 70 வயதில் கார் ஓட்டிய அமெரிக்கத் தாத்தாவுக்கும் இருந்தது. ஆனால் அந்த நன்மைகள் பெரும்பாலும் முடிகிற ஆட்டங்களில் இருந்து வந்தவை. அதனால் 'எத்தனை மணி நேரம் ஆடுறே?' என்பதோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று கேள்வி கேட்கணும்.

ஒன்று, இந்த ஆட்டத்துக்கு முடிவு இருக்கா? லெவல் முடியுமா, மேட்ச் முடியுமா, கதை முடியுமா? முடிகிற ஆட்டம் என்றால், 'இந்த மேட்ச் முடிச்சுட்டு வா' என்று சொல்லலாம், பிள்ளையும் கேட்கும். நடுவில் போனைப் பிடுங்கினால் செஸ் பலகையைக் கலைத்த மாதிரி கோபம்தான் வரும்.

இரண்டு, பக்கத்தில் யார்? டிவி கேம் காலத்தில் இது தானாக அமைந்தது. இப்போது நாம்தான் உண்டாக்கணும். அப்பாவோ அம்மாவோ வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து தோற்றுப் பாருங்க. பிள்ளை என்ன ஆடுகிறது, யாரோடு பேசுகிறது என்று அந்த ஒரு மணி நேரத்தில் தெரிகிற அளவுக்கு எந்த பேரன்டல் கன்ட்ரோல் ஆப்பும் சொல்லாது.

மூன்று, இந்த கேம் எப்போ காசு வாங்குது? ஒரு தடவையா, தினமுமா, தோற்ற பிறகா? தோற்ற பிறகு காசு கேட்கிற ஆட்டம் என்றால், வயசு 12 ஆனாலும் 42 ஆனாலும் தள்ளி நிற்பது நல்லது. பெரியவர்களுக்கும் இதே மூன்று கேள்விதான். நாளைக்கு லோக்கல் ட்ரெயினில் போனை எடுக்கும்போது நமக்கு நாமே கேட்டுப் பார்ப்போம்.

உங்கள் வீட்டில் முதன்முதலில் எந்த கேம் வந்தது, எந்த டிவியில் ஆடினீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சிலதைப் படிக்கிறேன்.